‘நம்மட ஆக்கள்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வாட்டுகளில் நோயாளியைக் கேட்டு அறிவது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வாட்டுக்கு வரத் தொடங்கியிருக்கிற மருத்துவ மாணவர்களுக்கும் புதிதாக இன்டர்ன் வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர்களுக்குப் படிப்பிக்கிற சீனியர்மார் வாசித்தாலும் நல்லது. நோயாளியின் வாழ்க்கை, அடையாளம், பண்பாடு என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் ஒரு விரிவுரையாக வந்து போகும். தமிழர் இப்படி, முஸ்லிம்கள் இப்படி, சிங்களவர் இப்படி என்று ஸ்லைடில் மூன்று பெட்டி இருக்கும். அதைப் பாடமாக்கிக்கொண்டு வாட்டுக்குப் போனால் இரண்டாவது கட்டிலைத் தாண்டுவதற்குள் பெட்டி உடைந்துவிடும்.

தெற்கிலிருந்து வருகிற மாணவர்கள் தங்களுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரியாது என்று தெரிந்தே வருகிறார்கள், அதனால் கேட்கிறார்கள். கேட்காமல் விடுவது தமிழ் பேசுகிற நாம்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும், சைவம் தெரியும், பிறகென்ன என்று ஒரு எண்ணம். மட்டக்களப்பு டவுனில் வளர்ந்த பிள்ளை வெல்லாவெளியை ஒரு தடவை பஸ்ஸில் கடந்திருக்கும், அவ்வளவுதான். காத்தான்குடி வியாபாரி வீட்டு மாணவர் பொத்துவில் மீனவர் ஒருவரைப் பார்த்து, நம்மட ஆள்தானே என்று ஐந்து கேள்வியோடு எழும்பிவிடுவார். தூரத்து ஆளிடம் கவனமாக இருப்போம், பக்கத்து ஆளிடம் ஊகித்துக்கொள்வோம். வாட்டில் தவறிப்போகிற விஷயங்களில் பாதி அந்த ஊகத்தில்தான் போகிறது.

1998இல் டெர்வலன், மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் பண்பாட்டுப் பணிவு (நோயாளியின் பண்பாடு நமக்குத் தெரியும் என்று நினைக்காமல் அவரிடமே கேட்டுக் கற்பது) பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வரும். அறுவைச் சிகிச்சை முடிந்து சில மணி நேரமான ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண் முனகிக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த டொக்டர், இவருக்குக் கடுமையான வலி போலிருக்கிறதே என்கிறார். தாதியோ, நான் பண்பாடு பற்றி ஒரு கோர்ஸ் படித்திருக்கிறேன், இந்த இனத்து ஆட்கள் வலியைக் கூட்டித்தான் காட்டுவார்கள் என்று பதில் சொல்லி விட்டுவிடுகிறார். படித்த பாடமே நோயாளியைக் கேட்கவிடாமல் மறித்த கதை அது. நமது வாட்டுகளிலும் ‘இந்த ஊர் ஆக்கள் இப்படித்தான் கத்துவார்கள்’ என்ற பேச்சு காதில் விழும். விழுந்தால் அந்தக் கட்டிலுக்கு நீங்களே போய் வலி எங்கே, எவ்வளவு என்று கேளுங்கள்.

முதலில் இருங்கள், பிறகு பேசாமல் இருங்கள்

கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருங்கள். நின்றுகொண்டு கேட்டால் நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போக நிற்கிறீர்கள் என்றுதான் நோயாளி நினைப்பார். பெயரைச் சொல்லி, நான் மாணவன், டொக்டர் இல்லை, கதைக்கலாமா, இப்போது களைப்பாக இருந்தால் பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். வயதானவரை அம்மா, ஐயா என்று கூப்பிட்டால் எங்கும் பிழை வராது. முஸ்லிம் வீட்டு மூத்தவர்களை உம்மா, வாப்பா என்றோ, கொஞ்சம் இளையவரை ராத்தா, நானா என்றோ கூப்பிடலாம், ஆனால் பக்கத்தில் நிற்கிற உறவுக்காரர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். ‘பதினெட்டாம் கட்டில்’ என்று கூப்பிடுகிற பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: என்ன செய்யுது? கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். 1984இல் பெக்மனும் ஃபிராங்கலும் மருத்துவர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டொக்டர் குறுக்கே புகுந்திருந்தார். நான்கில் ஒருவர்கூடத் தன் முதல் பேச்சை முடிக்கவில்லை. நம்மட ஓபிடி வரிசையில் 18 விநாடி கிடைத்தாலே பெரிய விஷயம் என்று நீங்கள் சிரிக்கலாம், ஆனால் மாணவராக இருக்கிற காலத்தில் உங்களிடம் நேரம் இருக்கிறது, பிறகு இருக்காது.

அவர் சொல்கிற முதல் இரண்டு வசனத்தை அவர் சொன்னபடியே கொப்பியில் எழுதுங்கள். ‘நெஞ்சுக்குள்ள முட்டாக் கிடக்கு, படுக்க ஏலா’ என்றால் அப்படியே. முட்டு என்றதும் ஆஸ்துமா என்று மொழிபெயர்த்து எழுதிவிட்டால், அது இதயச் செயலிழப்பாக இருக்கலாம் என்ற யோசனையையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள். விளங்காத சொல் வந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள், விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வருத்தம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் வயதானவர்கள் வருடம் சொல்ல மாட்டார்கள், கேட்டு மிரட்டாதீர்கள். இந்தக் கரையில் காலத்துக்கு வேறு அடையாளங்கள் உண்டு. 1978 நவம்பர் சூறாவளி, 90ஆம் ஆண்டுக் கலவரம், 2004 டிசம்பர் சுனாமி, வாகரைப் பக்கத்து ஆட்கள் என்றால் 2006–07 இடம்பெயர்வு. சீனி வருத்தம் சுனாமிக்கு முதலா பிறகா என்று கேட்டால் உடனே பதில் வரும், அதிலிருந்து எத்தனை வருடம் என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பழைய கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்கும்போதும் இதை ஞாபகம் வைத்திருங்கள், கடலோரத்தில் பல வீடுகளில் 2004க்கு முந்திய கடதாசி ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டில் என்ன கதைக்கிறார்கள்?

நோயாளி தன் வருத்தத்தைத் தானாக எப்படி விளங்கி வைத்திருக்கிறார் என்பதை அறிய ஆர்தர் கிளைன்மன் சில கேள்விகளைத் தந்தார். அவர் உளவியல் மருத்துவர், மானிடவியலாளர், தைவானில் களவேலை செய்தவர். 1978இல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை மருத்துவப் படிப்பில் அந்தக் கேள்விகள் ஓடுகின்றன: எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது, எவ்வளவு கடுமை, எந்த வைத்தியம் வேண்டும், எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இதே போக்கில் 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலும் இருக்கிறது.

கேள்விகள் நல்லவைதான். ஆனால் புத்தகத்தில் உள்ளபடி நேராக ‘உங்களுக்கு ஏன் இந்த வருத்தம் வந்தது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், ‘அது உங்களுக்குத்தானே சேர் தெரியும்’ என்ற பதில்தான் வரும். நியாயமான பதில். தன் நினைப்பைச் சொன்னால் படித்த பிள்ளை சிரிக்கும் என்ற பயம் அதில் இருக்கிறது. அதனால் சுற்றிக் கேளுங்கள்: ‘இதப் பத்தி வீட்டில என்ன கதைக்கிறாங்க?’ அயலில என்ன சொல்றாங்க, மாமி என்ன சொன்னா? மற்றவர் வாயில் வைத்துச் சொல்வது எளிது. நாவூறு, செய்வினை, அம்மாள் வந்திருக்கு, பிள்ளை பெற்றபோது மருந்துச் சரக்கு ஒழுங்காகக் குடிக்காததால் வந்த வாதம் என்று எல்லாம் வெளியே வரும். மந்திரத்துக்குப் பெயர்போன மாவட்டம் மட்டக்களப்பு, விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூர்க்காரர் நம்மைக் கேலி பண்ணுகிற அளவுக்கு. ஆனால் அந்தக் கேலியை வைத்து எல்லோரும் மந்திரத்தை நம்புகிறார்கள் என்று முடிவு கட்டினால் மறுபடியும் ஸ்லைடுப் பெட்டிக்குள் போய்விட்டீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூகுளில் வாசித்ததைச் சொல்வார், அதுவும் அவருடைய விளக்கம்தான், அதையும் எழுதுங்கள்.

பயம் பற்றிய கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். இந்த வருத்தத்தில் எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? காலைப் பார்க்க வந்தவர் கால் போய்விடும் என்று பயப்படுவார் என்று நினைப்போம், அவர் ‘கொழும்புக்கு அனுப்பிடுவீங்களோ’ என்றுதான் கேட்பார். மொழி தெரியாத ஊர், துணைக்கு ஆளில்லை, வான் கூலி எவ்வளவு வரும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் காலைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் அவர் காதில் ஏறாது.

யாருடைய வீடு?

இந்தக் கேள்விக்கு நான் கூட நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் கிழக்கின் குடும்ப அமைப்பு பாடப்புத்தகத்தில் இல்லை. பெரும்பாலான இடங்களில் இங்கே வீடு பெண்ணுக்குத்தான். தமிழரிலும் முஸ்லிம்களிலும் தாய்வழிக் குடி உண்டு, கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதிக் கொடுப்பார்கள், பல தாய்தகப்பன் தாங்கள் கட்டிய கல்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டிலிலோ குசினிப் பக்கத்திலோ இருப்பார்கள்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? 58 வயது மனிதர் ஒருவரை எடுங்கள், மேசன் வேலை, இதயம் பலவீனம், பாரம் தூக்க வேண்டாம் என்று எல்லா கிளினிக்கிலும் சொல்லியாயிற்று, அவர் தூக்குகிறார். சொல்வழி கேட்காத ஆள் என்று எழுதிவிட்டுப் போகலாம். வீடு பற்றிக் கேட்டால் கதை வேறு: மூத்த மகளுக்கு வீடு கொடுத்தாயிற்று, இளையவளுக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருக்கிறது, சுவர் எழும்பாமல் சம்பந்தம் பேச முடியாது. அவருக்கு மாரடைப்பைவிட அந்தச் சுவர்தான் அவசரம். அவரிடம் வேலையை விடச் சொல்வதில் பயனில்லை. எந்த வேலையைக் குறைக்கலாம், சீமெந்துப் பையை யார் தூக்கலாம், மூச்சு வாங்கினால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், கால் வீங்கினால் எத்தனை நாளைக்குள் வர வேண்டும் என்று பேசலாம், அதை அவர் கேட்பார்.

இன்சுலினும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டி மகளின் வீட்டில், அம்மா கொட்டிலில், இரண்டுக்கும் நடுவில் மருமகனிடம் போய்க் கேட்கிற கூச்சம் ஒன்று இருக்கிறது. திறந்த குப்பியைக் கடும் வெயில் படாமல் வைத்தால் சுமார் நான்கு கிழமைக்குப் பாவிக்கலாம், ஈர மணலுக்குள் வைத்த மண்சட்டி போதும் என்று சொன்னால் பிரச்சினை தீர்ந்துவிடும், ஆனால் அதற்கு முதல் பெட்டி எந்த வீட்டில் என்று கேட்டிருக்க வேண்டும். யார் சமைக்கிறார்கள் என்பதும் அதே கேள்வியின் வால். மகள் மத்திய கிழக்கில் வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற பாட்டியிடம் தனக்கென்று தனியாகச் சமைக்கச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து என்று வரும்போது, கணவர்தான் முடிவெடுப்பார் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பெண்ணின் தாய், தாய்மாமன், மூத்த அக்கா என்று யார் பேச்சு எடுபடும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதலில் நோயாளியிடமே, தனியாக, ‘வேற யாரிட்டயும் கேட்கோணுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம்தான்.

ஒழுங்காக வருவதில்லை என்று எழுதும் முன்

படுவான்கரை ஆட்களைப் பற்றி இந்த வசனம் கிளினிக் கொப்பிகளில் நிறைய இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற அந்தப் பக்கத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு வருவது என்றால் என்ன என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் எவ்வளவோ சுகம். ஆனாலும் உள்ளூர் பஸ் போய்விட்டால் அன்று போனதுதான், விடியப்புறம் வெளிக்கிட்டால் யானை, மாரியில் வெள்ளம். பெரும்போக அறுவடை மாசி பங்குனியில் விழுகிறது, அந்த நேரத்துக் கிளினிக் திகதியைக் கமக்காரர் ஒருவர் தவறவிட்டால் அது கவனயீனம் இல்லை, வருடச் சம்பாத்தியம் வயலில் கிடக்கிறது. திகதி போடும்போது ‘அந்தக் கிழமை வெட்டு இருக்கா?’ என்று கேட்டு ஒரு கிழமை முன்பின்னாகப் போட்டால் வருவார். கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து மாற்றிவிட முடியுமா என்றும் பாருங்கள், பலருக்கு அப்படி ஒன்று முடியும் என்றே தெரியாது.

காசையும் கேளுங்கள். மருந்து இலவசம்தான், பஸ் இலவசமில்லை, அன்றைய கூலி போகும், வெளியில் எடுக்கச் சொன்ன ஸ்கேனுக்குக் கடன் வாங்க வேண்டும், கிழமைக்கு ஒருக்கால் நுண்கடன்காரன் வாசலுக்கு வருவான். எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் வெட்கப்படுவார்கள். இஞ்ச வந்து போக எவ்வளவு முடியுது என்று கேட்டால் மீதி தானாக வரும்.

விரதம், நோன்பு, தீமிதிப்பு

நோன்பு வந்தால் முஸ்லிம் நோயாளிகளிடம் கேட்க எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிந்திக் கேட்கிறோம். ரமழானுக்கு 6 முதல் 8 கிழமைக்கு முன்பே சீனி வருத்தக்காரரோடு கதைத்துவிட வேண்டும் என்பதுதான் சர்வதேச வழிகாட்டல். நோன்பு பிடிக்கப் போகிறாரா, போன வருடம் எப்படி இருந்தது, எந்த மருந்து சஹருக்கு, எது நோன்பு திறக்கும்போது என்று கேட்க வேண்டும். கிளிக்ளசைட் போன்ற சீனி மாத்திரைகள், இன்சுலின், இவற்றில்தான் சீனி இறங்குகிற ஆபத்து, அளவை மாற்றுவது சீனியரின் வேலை, விஷயத்தை அவருக்கு நினைவுபடுத்துவது உங்கள் வேலை. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து, இது தெரியாமல் பரிசோதிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று எண்ணோடு சொல்லுங்கள். பிடிக்க வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டால் தலையாட்டிவிட்டு வீட்டில் போய்ப் பிடிப்பார், உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

சைவப் பெண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. கந்தசஷ்டி ஆறு நாள், கௌரிக் காப்பு 21 நாள், வெள்ளி, செவ்வாய் என்று வருடம் முழுக்க விரதம் இருக்கும், மாத்திரையை விட்டுவிட்டோ வெறும் வயிற்றில் போட்டுவிட்டோ தலைச்சுற்றி விழுந்து வாட்டுக்கு வருவார்கள். விரதக் கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள்.

சீனியால் பாதம் விறைத்தவரிடம் இன்னும் ஒன்று: இந்த வருடம் தீமிதிப்பு நேர்த்தி இருக்கிறதா, கதிர்காமத்துக்கு நடக்கிற எண்ணம் இருக்கிறதா? பொத்துவில், பாணமை, உகந்தை, அப்புறம் குமணக் காடு என்று நாட்கணக்கில் வெறுங்காலோடு நடப்பார்கள். உணர்வில்லாத காலில் முள் ஏறியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கிற மோனோஃபிலமென்ட் இழையைக் கையில் எடுத்து, இந்த இடத்தில் நான் தொடுவது உங்களுக்குத் தெரியவில்லை பாருங்கள் என்று அவருக்கே காட்டிவிட்டு, ஆபத்தை உள்ளபடி சொல்லுங்கள். நேர்த்தியை வேறு எப்படி நிறைவேற்றலாம் என்று கோயிலில் கேட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்பது உங்கள் எல்லைக்குள்தான். நேர்த்தி வைக்கிறதே மூடநம்பிக்கை என்று தொடங்கினால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உடம்பைத் தொடும் முன்

திரையை இழுங்கள். கேளுங்கள். பெண் நோயாளி என்றால் ஒரு மிஸ்ஸியையோ பெண் மாணவியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். அபாயா போட்ட பெண்ணிடம் மட்டும் இப்படிக் கவனமாக இருந்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் சேலை உடுத்த அம்மாவின் நெஞ்சை எட்டு மாணவர் முன்னால் திறப்பதை நான் பண்பாட்டு உணர்வு என்று சொல்ல மாட்டேன். ஆண்களுக்கும் வெட்கம் இருக்கிறது, மூத்திரக் குழாய் போட்ட ஐயா ஒருவர் வாய் திறந்து சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

சொல்லாமல் விடுவதற்கும் இடம் கொடுங்கள்

சமூக வரலாறு எடுக்கும்போது ‘எத்தனை பிள்ளைகள்?’ என்பது சாதாரணக் கேள்வி. இந்த மண்ணில் அது சாதாரணம் இல்லை. காணாமல் போன மகனை எண்ணுவதா விடுவதா என்று ஒரு தாய் தடுமாறுவாள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில், ஏறாவூரில், சத்துருக்கொண்டானில், வந்தாறுமூலை வளாக அகதி முகாமில் என்று இரண்டு சமூகத்திலும் ஒரே கோடையில் இழப்பு நடந்தது. சுனாமி நாட்டிலேயே அதிகம் பேரைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. 2019 உயிர்த்த ஞாயிறில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: ‘வீட்டில இப்ப ஆராரு இருக்கிறீங்க?’ சொல்ல விரும்பினால் மிச்சத்தை அவரே சொல்வார். சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள், உங்கள் கேஸுக்குச் சுவாரசியம் என்பதற்காக விவரம் கேட்காதீர்கள். பெட் ஹெட் டிக்கெட்டை, அதாவது நோயாளியின் வாட்டுக் குறிப்பை, எல்லோரும் வாசிப்பார்கள், அதில் இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

மருத்துவத்துக்கு நேராகத் தேவைப்படுகிற ஒன்று இதில் உண்டு. எம்ஆர்ஐக்கு அனுப்பும் முன், உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கிறதா என்று கேளுங்கள். ‘சத்திரசிகிச்சை ஏதும் செய்ததா’ என்று படிவத்தில் இருக்கிற கேள்விக்கு அவர் இல்லை என்பார், உண்மைதான், எடுக்காமல் விட்ட துண்டுக்கு ஒருவரும் சத்திரசிகிச்சை செய்யவில்லையே.

ஆஸ்பத்திரி மீதே இருக்கிற நம்பிக்கையீனத்துக்கும் காரணம் இருக்கும். 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவரை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது, உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது மாறி, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. அந்த மாதங்களில் மூச்சு வாங்கியும் வீட்டிலேயே கிடந்தவர்களுக்கு அறிவில்லை என்று சொல்ல முடியாது, ஜனாஸா கையில் கிடைக்காது என்ற பயம் அது. இன்றைக்கும் ஒரு மரணம் நடந்தால் முதல் கேள்வி ‘எப்ப தருவீங்க?’ என்றுதான் வரும். பிரேத பரிசோதனை தேவையா, திடீர் மரண விசாரணை அதிகாரி எப்போது வருவார், யாரிடம் கேட்பது என்று குடும்பத்துக்கு அந்த மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் கேட்டுவந்து சொல்கிறேன் என்றாவது சொல்லுங்கள்.

மற்ற மருந்து பற்றிச் சுருக்கமாக: பரியாரியிடம் போனீர்களா என்று அதட்டிக் கேட்டால் இல்லை என்பார்கள். வேறு என்ன பாவித்தீர்கள், எது கொஞ்சம் சுகம் தந்தது என்று கேட்டால் எண்ணெய், கசாயம், ஓதிய தண்ணீர், பாவற்காய்ச் சாறு, கொத்தலஹிம்புட்டு மூலிகை எல்லாம் வரும். ஓதிய தண்ணீரால் ஒன்றும் கெட்டுவிடாது. சீனி மாத்திரையோடு சேர்ந்து சீனியை இறக்கக்கூடியதைத்தான் குறித்து வைக்க வேண்டும். கசம் (காசநோய்), தொழுநோய் என்று வந்தால் மருந்தைவிட வெட்கம் பெரிது. வாவிக்கு நடுவே மாந்தீவில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்த ஊர் இது, அந்தப் பெயரைக் கேட்டாலே தீவில் கொண்டுபோய் விடுவார்கள் என்று கிழவர்கள் நினைப்பார்கள். 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை, வீட்டிலிருந்தே குடிக்கலாம் என்பதை முதல் வசனமாகச் சொல்லிவிட்டு நோயின் பெயரை இரண்டாவதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்கும்போது

கன்சல்டன்ட் சிங்களவர், நோயாளி தமிழ், நடுவில் நீங்கள். இது தினமும் நடக்கும், யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை. அவர் சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள், இது தேவையில்லை என்று நீங்களாக வெட்டாதீர்கள், ‘அம்மா சும்மா புலம்புறா’ என்று சுருக்கவே கூடாது. கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். ரவுண்ட் ஆங்கிலத்தில் நடந்து முடிந்ததும் திரும்பிப் போய், உங்களைப் பற்றி இன்னதுதான் கதைத்தோம் என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனால் தனக்குப் புற்றுநோய் என்றுதான் அவர் நினைப்பார். சிங்கள நோயாளிக்கும் இதே மரியாதை. பத்து வயது மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், மாதவிடாய் பற்றித் தாயிடம் கேட்பதற்கு மகன் வாய் வேண்டாம்.

கேட்டதை எங்கே வைப்பது?

கேஸ் பிரசன்டேஷனில் இதற்கு இடமில்லை என்பதுதான் உண்மையான தடை, மாணவரின் மனசு கெட்டது இல்லை. ‘சமூக வரலாறு: திருமணமானவர், புகை இல்லை, மது இல்லை’ என்று முடித்துவிடுகிறோம். படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூன்று வரி கேளுங்கள். அவர் வாயால் சொன்ன முறைப்பாடு, அவர் அதிகம் பயப்படுவது, சிகிச்சைத் திட்டத்தில் அவர் வீட்டில் முறியப்போகிற இடம். மூன்றாவது வரி இல்லாவிட்டால் பிரசன்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள், இரண்டு கிழமையில் எல்லோரும் கேட்டுக்கொண்டு வருவார்கள். நீண்டநாள் கிளினிக் நோயாளி ஒருவரை, விருப்பமிருந்தால், போக்குவரத்துச் செலவைக் கொடுத்து, வகுப்புக்குக் கூப்பிட்டு அவரைப் பேசவிடுங்கள். ஈரல், மண்ணீரல் காட்ட வந்த உடம்பாக இல்லாமல், கதிரையில் இருந்து பேசுகிற ஆளாக.

வீட்டுக்குப் போகிற வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள், குடும்ப நல உத்தியோகத்தரோடு போங்கள், படம் எடுக்காதீர்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். மருந்து எங்கே வைத்திருக்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். கழிவறை எவ்வளவு தூரம் என்று கண்ணால் பாருங்கள், நீர் போகிற மாத்திரையை ஏன் இரவில் போட மறுக்கிறார் என்பது அங்கே நின்றால் விளங்கும்.

டிஸ்சார்ஜ் அன்று கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும். மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் காலை, பகல், இரவு என்று தமிழில் எழுதி, வாசிக்கத் தெரியுமா, வீட்டில் யார் வாசித்துச் சொல்வார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் மகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்டு, பிழை இருந்தால் திருத்துங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தால், மருந்து எடுக்கிற வரிசையில் அவரை முன்னால் விடச் சொல்லி ஃபார்மசியில் பேசலாம்.